ஒரு பூகம்பம், பல எண்கள்

லோதி ரோடு என்றதும் தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு நினைவு வருபவை சில உண்டு. லோதி மன்னர்களின் சமாதிகள் நிற்கும் பூங்கா ஒன்று. நம் பிள்ளைகள் தமிழ் பயிலும் லோதி எஸ்டேட் பள்ளி மற்றொன்று. அரசாங்க உத்தியோகத்தை முன்னிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகள் குடியிருந்த லோதி காலனி வேறொன்று. அதே சாலையில் மௌசம் பவன் என்னும் வளாகமும் இருக்கிறது. மழை வருமா, வெயில் ஏறுமா என்று நாட்டுக்கு அறிவிக்கும் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் அது. அவ்வளாகத்திலேயே தேசிய நில அதிர்வு மையமும் இயங்குகிறது. நாடெங்கும் உள்ள நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நிலையங்களிலிருந்து பூமியின் நடுக்கம் பற்றிய செய்தி இரவு பகலாக அங்கே வந்து சேருகிறது. "இன்று காலை இன்ன இடத்தில் பூகம்பம் ஏற்பட்டது, அதன் அளவு இவ்வளவு" என்று வானொலியில் நாம் கேட்கும் எண், பெரும்பாலும் லோதி ரோட்டிலிருந்து புறப்பட்டதேயாகும்.

அந்த எண்ணைப் பற்றித்தான் இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி காலை திபெத்தில் ஒரு பெரிய பூகம்பம் நிகழ்ந்தது. நேபாளத்திலும் பீகாரிலும் டில்லி வட்டாரத்திலுங்கூட அதன் அதிர்வு உணரப்பட்டது. அதன் அளவு 7.1 என்று லோதி ரோடு மையமும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையும் கூறின. சீனத்து மையமோ 6.8 என்றது. பூமி அசைந்தது ஒரு தடவை. எண்கள் மட்டும் இரண்டானது எப்படி? இவற்றுள் ஒன்று பொய்யா? பொய் இல்லையென்றால், ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொள்ள வழி உண்டா? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், ஒன்றேகால் நூற்றாண்டுச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அச்சரித்திரத்தில் நம் நாட்டுக்கும், குறிப்பாகத் தமிழகத்துக்கும், பெரிய பங்கு உண்டு.

பூகம்பத்துக்கு எண் கொடுக்கும் வழக்கம் பழமையானதன்று. 1803-ஆம் ஆண்டில் வட இந்தியாவை உலுக்கிய பூகம்பத்தில் குதுப் மினாரின் உச்சியில் இருந்த குடை விழுந்தது. அன்று மக்களுக்குத் தெரிந்த அளவு அதுதான்: எது விழுந்தது, எது நின்றது என்பதே. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மாலை அஸ்ஸாமில் ஷில்லாங் மேட்டு நிலத்தையே புரட்டிய பெரும் பூகம்பம் நேர்ந்தது. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ஓல்ட்ஹாம் என்ற அறிஞர் சேதமுற்ற பகுதிகளை ஆராய்ந்தார். பல ஊர்களில் இருந்தோருக்குக் கடிதம் எழுதி விவரம் சேகரித்தார். எங்கே சுவர் இடிந்தது, எங்கே பாத்திரம் மட்டும் அசைந்தது என்று ஊர் ஊராகக் குறித்து, ஒரே விதமான சேதம் ஏற்பட்ட இடங்களைக் கோடுகளால் இணைத்துப் படம் வரைந்தார். இவ்வாறு சேதத்தைக் கொண்டு மதிப்பிடுவதற்குத் தீவிரம் என்று பெயர். தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். பூகம்பத்தின் மூலப் பருமனோ ஒன்றேதான்.

ஷில்லாங் பூகம்பத்தின் விளைவாகவே நம் நாட்டில் பூகம்பமானிகள் வந்தன. 1898-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டே பம்பாயின் கொலாபாவிலும் நம் கொடைக்கானல் மலையிலும் கருவிகள் அமைந்தன. அதற்கு மறு ஆண்டில், 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி அதிகாலையில், கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒரு பூகம்பம் நிகழ்ந்து தென்னாட்டின் பெரும்பகுதியையும் எழுப்பிவிட்டது. அதன் அளவு ஏறத்தாழ 6 என்று இன்று நூல்களில் காண்கிறோம். அன்று அந்த எண்ணைச் சொன்னவர் எவரும் இல்லை. எந்தெந்த ஊர்களில் அதிர்வு உணரப்பட்டது என்ற விவரத்தைக் கொண்டு, பிற்காலத்தவர் மதிப்பிட்டு வைத்த எண் அது. ஆகவே, சேதக் கதையை எண்ணாக மாற்றுவதே இத்துறையில் நடைபெறும் முதல் மாற்றம் எனலாம்.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரும் நேபாளமும் பூகம்பத்தால் பாழாயின. அப்போது காந்தியடிகள் தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரையில் இருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே இது என்று திருநெல்வேலியில் அவர் பேசினார். இயற்கையின் நிகழ்ச்சிக்கு அவ்வாறு காரணம் கற்பித்தல் தகாது என்று ரவீந்திரநாத் தாகூர் மறுப்பு எழுதினார். அப்பூகம்பத்தின் பொருளைப் பற்றி நாடு முழுதும் விவாதம் நடந்தது. அதன் அளவைப் பற்றி விவாதிக்க மட்டும் வழியில்லை. ஏனெனில், பூகம்பத்துக்கு எண் கொடுக்கும் முறை வெளியானது அடுத்த ஆண்டில்தான்.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் என்னும் விஞ்ஞானி அம்முறையை வகுத்தார். அவர் எதிர்கொண்ட பிரச்சினை எளியது. தெற்குக் கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான சிறிய பூகம்பங்கள் பதிவாயின. அவற்றைப் பெரியது, சிறியது என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட வகைப் பூகம்பமானி, பூகம்பம் தோன்றிய இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் கோடு 1 மில்லிமீட்டர் அசைந்தால், அப்பூகம்பத்துக்கு 3 என்று அவர் பெயரிட்டார். 10 மில்லிமீட்டர் அசைந்தால் 4. 100 மில்லிமீட்டர் அசைந்தால் 5. பள்ளியில் நாம் படித்த மடக்கைக் கணக்குத்தான் இது. எண் ஒன்று கூடினால் அசைவு பத்து மடங்காகும். வெளிப்படும் சக்தியோ ஏறத்தாழ 32 மடங்காகும். எண் இரண்டு கூடினால் சக்தி ஆயிரம் மடங்கு. வானில் நட்சத்திரங்களின் ஒளியை வகைப்படுத்த வான சாஸ்திரிகள் வைத்திருந்த முறையைப் பார்த்தே ரிக்டர் இதற்குப் பெயரிட்டார். தமிழில் நாம் இதை அளவெண் என்று வழங்குவோம்.

தீவிரத்துக்கும் அளவெண்ணுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க ரிக்டர் கூறிய உவமை வானொலி நேயர்களுக்கு மிகவும் பொருத்தமானது. வானொலி நிலையம் எத்தனை கிலோவாட் சக்தியுடன் ஒலிபரப்புகிறது என்பது அளவெண் போன்றது. நம் வீட்டுப் பெட்டியில் அந்த ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது தீவிரம் போன்றது. நிலையத்தின் சக்தி ஒன்றே. அருகில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். மலைக்கு அப்பால் இருப்பவருக்கு மங்கலாகக் கேட்கும்.

ரிக்டரின் அளவை ஓர் அடிக்கோல் போன்ற கருவி என்று எண்ணி, "அந்த அளவுகோலைக் காட்டுங்கள்" என்று அவரைக் காண வந்தவர்கள் கேட்பதுண்டாம். உண்மையில் அது கருவியன்று, கணக்கு. அதுவும் கலிபோர்னியாவின் மண்ணுக்கும், அங்கே இருந்த ஒருவகைக் கருவிக்கும், 600 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கும் ஏற்ற கணக்கு. பூகம்ப அலைகள் எல்லா நிலத்திலும் ஒரே விதமாக ஓய்வதில்லை. நம் தக்கணத்தின் பழமையான கெட்டிப் பாறைகளில் அலைகள் அதிக தூரம் வலுக்குன்றாமல் செல்லும். கங்கைச் சமவெளியின் ஆழ்ந்த வண்டலிலும் இமயத்தின் மடிந்த பாறைகளிலும் அவற்றின் போக்கு வேறு. ஆதலால், கலிபோர்னியாவின் கணக்கை அப்படியே இங்கே போட்டால் விடை பிசகும். அந்தந்தப் பிராந்தியத்துக்கு உரிய திருத்தத்தை அந்தந்தப் பிராந்தியத்தாரே கண்டறிய வேண்டும்.

தூர தேசங்களில் நிகழும் பூகம்பங்களை அளப்பதற்கு ரிக்டரின் முறை உதவவில்லை. அவருடன் பணியாற்றிய பெனோ குட்டன்பர்க் 1945-ஆம் ஆண்டில் வேறு இரு முறைகளை வகுத்தார். நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி உலகைச் சுற்றிவரும் நீண்ட அலைகளை அளப்பது ஒன்று. அவை ஒரு முறை ஏறி இறங்கச் சுமார் 20 விநாடி ஆகும். பூமியின் உட்புறத்தே ஊடுருவி வரும் அலைகளை அளப்பது மற்றொன்று. 1960-களில் உலகெங்கும் ஒரே மாதிரியான பூகம்பமானிகளை நிறுவும் திட்டம் நடந்தேறியது. கொடைக்கானல், புது டில்லி, புனே, ஷில்லாங் ஆகிய ஊர்களில் இருந்த நிலையங்களும் அதில் சேர்ந்தன. அத்திட்டத்தால் ஒரு விநாடி அளவே நீளும் உள்ளலைகளைக் கொண்டு எண் கணிப்பது வழக்கமாயிற்று. ஆக, ஒரே பூகம்பத்துக்குப் பிராந்திய எண், மேற்பரப்பு அலை எண், உள்ளலை எண் என மூன்று எண்கள் வந்துவிட்டன. பத்திரிகைகளோ எல்லாவற்றையும் "ரிக்டர் அளவு" என்ற ஒரே பெயரால் அழைத்தன.

இம்மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் முதலில் இருந்த நம்பிக்கை. அது நிறைவேறவில்லை. 1956-ஆம் ஆண்டில் குட்டன்பர்க்கும் ரிக்டரும் ஒரு சூத்திரம் தந்தனர்: மேற்பரப்பு அலை எண்ணை 0.63 ஆல் பெருக்கி, 2.5 கூட்டினால் உள்ளலை எண் கிடைக்கும் என்றனர். இதன்படி மேற்பரப்பு எண் 5 ஆனால் உள்ளலை எண் 5.65 ஆகிறது. மேற்பரப்பு எண் 8 ஆனால் உள்ளலை எண் 7.54 தான். சிறிய பூகம்பத்தில் உள்ளலை எண் மிகுந்தும், பெரிய பூகம்பத்தில் குறைந்தும் நிற்கிறது. ஏறத்தாழ 6.75 என்ற இடத்தில் மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன.

இதற்குக் காரணம் என்ன? நெல் அளக்கும் மரக்காலை எண்ணிப் பார்ப்போம். மரக்கால் நிறையும் வரையில் அது உண்மையைச் சொல்லும். அதற்குமேல் எத்தனை கொட்டினாலும் வழிந்து போகுமேயன்றி, மரக்கால் காட்டும் அளவு ஏறாது. பூகம்ப எண்களும் அப்படியே. ஒரு விநாடி அலை பாறையில் சில கிலோமீட்டர் நீளமே உடையது. பூமி முந்நூறு கிலோமீட்டர் தூரம் பிளந்தாலும், அச்சிற்றலை பிளவின் சிறு சிறு பகுதிகளைப் பற்றி மட்டுமே சேதி கொண்டு வரும். அதனால் சிற்றலைகளைக் கொண்டு கணிக்கும் உள்ளலை எண் ஆறரைக்கு அருகிலேயே தயங்கிவிடுகிறது. பிராந்திய எண் 7-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. மேற்பரப்பு அலை எண் 8-ஐக் கடந்ததும் தடுமாறுகிறது. 1960-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நிகழ்ந்த பூகம்பத்துக்கு முதலில் எட்டரை அளவிலேயே எண் தரப்பட்டது. அப்பூகம்பம் பிளந்த நிலத்தின் நீளமோ எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். மரக்கால் வழிந்துவிட்டது என்பதை அறிஞர் உணர்ந்தனர்.

ஜப்பானிய அறிஞர் அக்கி கெயிட்டி 1966-ஆம் ஆண்டில் வேறொரு வழி காட்டினார். கருவியின் கோடு எவ்வளவு அசைந்தது என்று பார்ப்பதோடு நிற்காமல், பூமியின் உள்ளே என்ன நடந்தது என்று கணக்கிட வேண்டும் என்பது அவ்வழி. பிளந்த பரப்பு எவ்வளவு, பாறைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிய தூரம் எவ்வளவு, பாறையின் விறைப்பு எவ்வளவு என்னும் மூன்றையும் பெருக்கினால் வருவது பூகம்பத்தின் திருப்புத்திறன். ஹிரோ கனமோரி 1977-ஆம் ஆண்டிலும், அவரும் தாமஸ் ஹாங்க்ஸும் சேர்ந்து 1979-ஆம் ஆண்டிலும், இத்திருப்புத்திறனை, பழைய எண்களோடு இயன்றவரை ஒத்துப் போகுமாறு, ஓர் அளவெண்ணாக அமைத்தனர். இதற்கு நிரம்பி வழிதல் இல்லை. சிலியின் பூகம்பம் இதன்படி 9.5 ஆயிற்று. ஓர் எண் கூடியதன் பொருள், முன்பு எண்ணியதைப் போல் 32 மடங்கு சக்தி என்பதாகும்.

இனி, மாற்றும் கணக்குக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது, அணாவைப் பைசாவாக மாற்றும் அட்டவணையைக் கடைகளில் தொங்கவிட்டார்கள். ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. அரைப் பைசா, கால் பைசாவில்தான் தகராறு. அடிப்படையில் இரண்டும் ஒரே ரூபாயின் பங்குகள். ஆதலால் அக்கணக்கில் ஐயம் இல்லை.

பூகம்ப எண்களை மாற்றுவது அப்படிப்பட்டதன்று. அது மரக்கால் நெல்லை எடையாக மாற்றுவது போன்றது. ஒரு மரக்கால் நெல்லின் எடை என்ன என்று கேட்டால், தஞ்சைக் குடியானவர் உடனே விடை கூறமாட்டார். என்ன ரகம், காய்ந்ததா ஈரமா, பதர் எவ்வளவு என்று திருப்பிக் கேட்பார். மரக்கால் அளப்பது கொள்ளளவை. தராசு அளப்பது எடையை. இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் அவ்வுறவைப் பல மூட்டைகளை அளந்தும் நிறுத்தும் பார்த்தே சராசரியாகக் கூற முடியும். விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே. ஒரே பூகம்பத்துக்கு இருவித எண்களும் உள்ள ஆயிரக்கணக்கான சோடிகளைத் திரட்டி, அவற்றின் நடுவே ஒரு கோடு வரைகிறார்கள்.

அத்தகைய கோடுகளில் பலரும் கையாளுவது, கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்து அறிஞர் ஸ்கோர்டிலிஸ் 2006-ஆம் ஆண்டில் உலகப் பதிவுகளைக் கொண்டு வரைந்தது. அதன்படி, உள்ளலை எண்ணை 0.85 ஆல் பெருக்கி 1.03 கூட்டினால் திருப்புத்திறன் எண் வரும். உள்ளலை எண் 5 என்றால் திருப்புத்திறன் எண் 5.28. மேற்பரப்பு அலைக்கு ஒரே கோடு போதவில்லை. 6.1 வரையில் ஒரு கோடு, 6.2 முதல் வேறொரு கோடு. மேற்பரப்பு எண் 4 ஆனது 4.75 ஆகிறது. 7 ஆனதோ 7.01 தான் ஆகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, உலகச் சராசரி ஒரு பிராந்தியத்துக்குப் பொருந்தியே ஆகவேண்டும் என்பதில்லை. உலகத்து நெல்லின் சராசரி எடையைக் கொண்டு நம் களத்து நெல்லை மதிப்பிடலாமா? இமயத்துக்கு ஒன்று, வடகிழக்குக்கு ஒன்று, தக்கணத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே உறவு காண முயல்வது இதனாலேயே. இரண்டாவது, இரண்டு எண்களிலும் பிழை உண்டு என்பதை மறத்தலாகாது. வழக்கமான கணக்கு முறை ஓர் எண் குற்றமற்றது என்றும், மற்றதில் மட்டுமே பிழை உண்டு என்றும் கொள்கிறது. அம்முறையில் ஓர் எண்ணை மாற்றி, பிறகு எதிர்க்கோட்டைக் கொண்டு திரும்ப மாற்றினால் பழைய எண் கிடைப்பதில்லை. இக்குறையை நீக்க, இருபக்கப் பிழையையும் கருதும் கணக்கு முறையை ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் வற்புறுத்தினார்கள்.

இவ்வளவு சிறிய வேற்றுமைக்கு இத்தனை முயற்சியா என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். அளவெண் ஒன்று குறைந்தால், அத்தகைய பூகம்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்பது பொதுவிதி. ஒரு வட்டாரத்தின் எண்கள் யாவும் 0.3 அளவு தவறாக மாற்றப்பட்டால், அங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பூகம்பங்கள் நிகழும் எண்ணிக்கை இரண்டு மடங்காகவோ பாதியாகவோ தோன்றும். திபெத்துக்குக் கூறப்பட்ட 6.8-க்கும் 7.1-க்கும் இடையே உள்ள வேற்றுமை அதே 0.3 தான். இந்த எண்ணிக்கையைக் கொண்டே அபாய வரைபடங்கள் எழுதப்படுகின்றன. அவ்வரைபடங்களைக் கொண்டே ஒரு பள்ளிக்கூடத்தின் தூணில் எத்தனை இரும்புக் கம்பி வைப்பது என்று தீர்மானமாகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக 2011-ஆம் ஆண்டில் தயாரான வரைபடத்துக்கும், பழைய பதிவுகளை எல்லாம் திருப்புத்திறன் எண்ணாக மாற்றுவதே முதற்படியாக இருந்தது.

பழைய எண்கள் மாறிய கதைகளும் உண்டு. 1897-ஆம் ஆண்டு ஷில்லாங் பூகம்பத்துக்கு நெடுங்காலம் 8.7 என்ற எண் வழங்கி வந்தது. ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து என்னும் இருவர் 2001-ஆம் ஆண்டில் அதை 8.1 எனக் கணித்தனர். இதற்கு அவர்கள் கையாண்ட சான்று விசித்திரமானது. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கி நாடு முழுதும் பரவிய பெரிய முக்கோண நில அளவையில், ஷில்லாங் மேட்டிலும் அளவைக் கற்கள் நடப்பட்டிருந்தன. பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் அக்கற்கள் இருந்த நிலையை ஒப்பிட்டு, பூமி எவ்வளவு பிளந்தது, எவ்வளவு வழுக்கியது என்று கண்டார்கள். 8.7 என்பதும் 8.1 என்பதும் சக்தியில் எட்டு மடங்கு வேற்றுமை உடையவை. பீகார் பூகம்பத்தின் 8.4 என்ற எண்ணும் இவ்வாறே இறங்கி இன்று 8-ஐ ஒட்டி நிற்கிறது. மாறாக, 1950-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று மாலை அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தின் எண், திருப்புத்திறன் கணக்கிலும் 8.6 என்றே நிலைத்தது.

இவை ஏட்டுக் கணக்குகள். நம் கண்முன்னே எண்கள் மோதியது 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி. டில்லியில் குடியரசு தின அணிவகுப்பைக் காண மக்கள் திரண்டிருந்த காலை 8 மணி 46 நிமிடத்துக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி பிளந்தது. புஜ், அஞ்சார், பச்சாவ் ஆகிய ஊர்கள் அழிந்தன. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் அகமதாபாத்தின் மணிநகரிலும் கட்டடங்கள் சரிந்தன. அன்று நம் நாட்டு வானிலைத் துறை வெளியிட்ட எண் 6.9. அமெரிக்க நிலவியல் துறை வெளியிட்ட எண் 7.9. பத்திரிகைகள் இரண்டையும் ரிக்டர் அளவு என்றே அச்சிட்டன. யார் பிழை செய்தார் என்று வினா எழுந்தது.

உண்மையில் அவை இருவேறு அளவுகள். 6.9 என்பது பிராந்திய அளவைச் சேர்ந்த எண். அம்மரக்கால் 7-ஐ ஒட்டி நிரம்பிவிடும் என்று முன்பே கண்டோம். நீண்ட அலைகளைக் கொண்டு கணித்த எண் 7.9, அதுவும் பின்னர் 7.7 எனத் திருத்தப்பட்டது. 6.9-க்கும் 7.7-க்கும் இடையே சக்தியில் 16 மடங்கு வேற்றுமை. எண் எதுவானாலும் இறந்தவர் மீளப் போவதில்லை என்று கூறலாம். ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். 6.9 என்று நம்பினால், நடுத்தரப் பூகம்பத்துக்கே இத்தனை வீடுகள் விழுந்தன. கட்டியவர்களே முழுக் குற்றவாளிகள் என்று முடிவு செய்வோம். 7.9 என்று நம்பினால், இவ்வளவு பெரிய பூகம்பத்தை எந்தக் கட்டடந்தான் தாங்கும் என்று கட்டியவர்கள் தப்பித்துக் கொள்வார்கள். பழியும் படிப்பினையும் எண்ணோடு சேர்ந்து மாறுகின்றன. ஆதலால் எந்த அளவில் கூறிய எண் என்று கேட்பது வீண் நுணுக்கமன்று.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடம். சுமத்ரா தீவின் வடமேற்கே கடலடி பிளந்தது. பசிபிக் கடலின் நாடுகளுக்கு எச்சரிக்கை விடுக்கும் ஹவாய் நிலையம், கால் மணி நேரத்துக்குள் 8.0 என்றது. ஒரு மணி நேரம் கடந்தபின் 8.5 என்றது. அன்றைய பிற்கணிப்புகள் 9-ஐ எட்டின. இன்று நூல்கள் 9.1 முதல் 9.3 வரை கூறுகின்றன. முதலில் வந்த எண்ணுக்கும் 9.1-க்கும் உள்ள வேற்றுமை சக்தியில் 45 மடங்கு. இப்பிசகு ஏன் நேர்ந்தது? பிளவு சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. அது ஓடி முடிக்கவே எட்டுப் பத்து நிமிடம் ஆயிற்று. முதல் அலைகளைக் கொண்டு கணித்த முறை, பூகம்பம் முடியும் முன்னரே அளந்து முடித்துவிட்டது. நெல் கொட்டி முடியுமுன் மரக்காலை எடுத்துவிட்டாற்போல் ஆயிற்று.

பூமி அசைந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துத் தமிழகக் கரையில் கடல் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். வெளி மாநிலங்களில் இருந்த நம்மவர் அன்று முழுதும் ஊருக்குத் தொலைபேசியில் பேச முயன்று தவித்ததை மறக்க முடியுமா? சரியான எண் முன்பே தெரிந்திருந்தால் மட்டும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நாம் கூறவில்லை. இந்துமாக் கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. செய்தியைக் குப்பத்துக்குக் கொண்டு சேர்க்கும் வழியும் இல்லை. எனினும், 8.0 என்பது கடல் கடந்து அழிக்கும் அலையை உறுதியாகக் காட்டும் எண்ணன்று. 9 என்பதோ ஐயத்துக்கு இடமின்றி எச்சரிக்கும் எண். அந்த ஓர் எண் வேற்றுமையில் இரண்டரை மணி நேர அவகாசம் அடங்கியிருந்தது.

இதன் படிப்பினையாக 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி அதே சுமத்ராப் பக்கத்தில் 8.6 அளவில் பூகம்பம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை உடனே பறந்தது. சென்னையில் நடுக்கத்தை உணர்ந்த மக்கள் தெருவுக்கு வந்தனர். பெரிய அலை எதுவும் வரவில்லை. ஏனெனில், அன்று கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் வழுக்கின. எண் சரியாக இருந்தாலும் அதுவே முழுச் செய்தி ஆகாது என்பதற்கு இது சான்று.

இதை உள்நாட்டிலும் கண்டிருக்கிறோம். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நேர்ந்த பூகம்பம் 6.2 அளவினதே, மண்ணும் கல்லும் கொண்டு கட்டிய கனத்த சுவர்களின் கீழ் ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மாண்டனர். 2025 பிப்ரவரி 17-ஆம் தேதி விடியற்காலை 5 மணி 36 நிமிடத்துக்கு டில்லியின் தௌலா குவான் அருகே தோன்றியது 4.0 தான், ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலேயே பிறந்ததால், நகர் முழுதும் பேரொலியுடன் விழித்துக் கொண்டது.

ஆகையால், பூகம்பச் செய்தியைக் கேட்கும்போது நாம் மூன்று வினாக்களைக் கேட்டுக் கொள்வது நலம். இது எந்த அளவைச் சேர்ந்த எண்? முதல் கணிப்பா, திருத்திய கணிப்பா? எவ்வளவு ஆழத்தில், எங்கே? முதல் ஒரு மணி நேரத்தில் வரும் எண் மாறக்கூடும். மாறினால், முன்பு சொன்னவர் பொய் சொன்னார் என்று கருத வேண்டியதில்லை. கொட்டிய நெல்லை மீண்டும் அளந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

"அளக்கிற நாழி அகவிலை அறியுமா?" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. நாழிக்கு அளக்கத்தான் தெரியும். தானியம் விற்கும் விலை தெரியாது. பூகம்ப எண்ணும் அப்படித்தான். பூமிக்குள் பிளந்தது எவ்வளவு என்று அது கூறும். மேலே நின்ற வீடு எத்தகையது, அதனுள் உறங்கியவர் எவர் என்பதை அது அறியாது. ஆயினும், நாழியே பிழையானால் விலை பேசுவதும் வீணாகும். நம்மில் பலருக்கு உறவினர் ஒரு பக்கம் கடற்கரையிலும், பிள்ளைகள் ஒரு பக்கம் இமயத்தின் அடிவாரத்து நகரங்களிலும் இருக்கிறார்கள். லோதி ரோட்டில் கருவிகளின் முன் அமர்ந்து, ஓர் எண்ணை மற்றொன்றாக மாற்றிச் சரிபார்ப்பவர்களின் வேலை, அவ்விரு பக்கத்து வீடுகளின் தூண்களையும் தொட்டு நிற்கும் வேலையாகும்.